கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்

நாவல் என்னும் உரைநடைக் கதையிலக்கியம் நம் நாட்டில் வேரூன்றத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். தமிழின் முதல் நாவலென்று போற்றப்பெறும் பிரதாப முதலியார் சரித்திரத்தை மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்கள் கிறிஸ்தவர்களாயிருந்தும் அந்நூலிற் கிறிஸ்தவக் குடும்பமொன்றின் வாழ்வைப் பொருளாகக் கொண்டார்களல்லர். நம் நாட்டுக் கிறிஸ்தவ இல்லமொன்றிற் பிறந்த பெண்ணொருத்தி எங்ஙனம் வளர்ந்தாள், எதைக் கற்றாள், எதற்கு ஏங்கினாள், எவரை விரும்பி மணந்தாள் என்பதைத் தம் காலத்துக் கதையாகவே எழுதத் துணிந்தவர் இருபத்தைந்து வயதுடைய ஒரு பெண்மணியார். அக்கதை முதன்முதல் வெளிவந்ததும் ஒரு கலாசாலைப் பத்திரிகையிலேயாம். அவ்வம்மையாரின் பெயர் கிருபாபாய் சத்தியநாதன் என்பது. முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த அவரது வரலாற்றை நம்மனோர் அறிந்திருத்தல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

கிருபாபாய் 1862-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 14-ஆம் நாள் அக்காலப் பம்பாய் மாகாணத்தைச் சார்ந்த அகமத்நகரில் பிறந்தார். தந்தையார் ஹரிபந்த் கிஸ்தி; தாயார் ராதாபாய். இருவரும் மகாராட்டிரப் பிராமண குலத்தினர். ஹரிபந்தர் அமெரிக்க மிஷனெரிமாரின் தொடர்பாற் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினார். அவர் மனைவியோ அப்போது மிக இளையவர். கணவனது புதிய கொள்கை இன்னதென்றும் அறியாதவர். பிறந்த குலத்தையும் பழகிய தெய்வங்களையும் உறவினரையும் ஒருசேரத் துறந்து, அழுத கண்ணோடு கணவன் பின் சென்ற அவ்விளம்பெண்ணின் உள்ளம் பட்ட பாட்டைப் பிற்காலத்து மகளார் தம் நூலில் முதற்கண் வைத்து விரித்துரைத்தார். மதம் மாறியவரின் மகிழ்ச்சியைப் பாராட்டி எழுதினோர் பலர். உடன் இழுத்துச் செல்லப்பட்டவரின் துயரத்தை நினைந்து எழுதினோர் சிலரே. அச்சிலருள் இவர் ஒருவர்.

பதினான்கு மக்களுட் பதின்மூன்றாமவராய்ப் பிறந்த கிருபாபாய் இளமையிலேயே தந்தையாரை இழந்தார். அதன்பின் அவருக்குத் தந்தையும் ஆசானுமாய் விளங்கியவர் மூத்த தமையனாராகிய பாஸ்கர். அவர் தங்கையைச் சிறுமியென்று ஒதுக்காமல் அருகிருத்தி நூல்களைப் படித்துக் காட்டுவார். கருத்துக்களை எடுத்து விளக்குவார். அவள் கூறும் விடையைப் பொறுமையோடு கேட்பார். பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று ஊரார் வினவிய காலத்தில் இத்தகைய தமையன் வாய்த்தது பெரும்பேறே. ஆயினும் அப்பேறு நெடுநாள் நிலைக்கவில்லை. பாஸ்கரும் இளவயதில் உலகை நீத்தார். அத்துயரம் கிருபாபாயின் உள்ளத்தை விட்டு என்றும் அகன்றிலது.

கல்வி

தமையனார் மறைந்தபின் அவர் ஐரோப்பிய மாதர் சிலருடைய ஆதரவிற் சிலகாலம் இருந்து, பின்னர்ப் பம்பாயிலிருந்த ஜெனானா மிஷன் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கே அமெரிக்க நாட்டுப் பெண் வைத்தியர் ஒருவர் அவரது கூரிய அறிவைக் கண்டு வைத்தியம் பயிலுமாறு தூண்டினார். இங்கிலாந்து சென்று கற்பதற்கு உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் அவர் உடல்நிலை அந்நாட்டுக் குளிரைத் தாங்காதென்று வைத்தியர்கள் தடுத்துவிட்டனர். சென்னை வைத்தியக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குத் தன் கதவைத் திறந்திருந்தமையின், 1878-இல், தம் பதினாறாம் வயதில், கிருபாபாய் சென்னை வந்து சேர்ந்தார்.

சென்னையில் அவருக்கு உறைவிடம் அளித்தவர்கள் சத்தியநாதன் ஐயரவர்களின் குடும்பத்தார். திருநெல்வேலியிற் பிறந்து கிறிஸ்து மார்க்கத்தை மேற்கொண்ட டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர், சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயத்தின் குருவாக விளங்கியவர். அவர் மனைவியார் அன்னாள் அம்மையார் பெண்கல்விக்கெனப் பள்ளிகள் நடத்தியவர். நல்ல தாய் என்னும் தமிழ் நூலும் இயற்றியவர். மராத்தியப் பெண்ணொருத்தி தமிழ்க் குடும்பத்தில் மகள்போல் வாழ்ந்த அந்நாட்களே அவர் வாழ்வின் போக்கை மாற்றின.

முதலாண்டுத் தேர்விற் கிருபாபாய் பரிசில்கள் பெற்று ஆசிரியர்கள் மெச்சுமாறு விளங்கினார். எனினும் உடல் நலிந்தது. ஓராண்டு கழிந்தவுடன் படிப்பைக் கைவிட்டுப் பூனாவிலிருந்த தமக்கையாரிடம் செல்ல நேர்ந்தது. வைத்தியராக வேண்டுமென்ற அவா அன்றோடு முடிந்தது. இருமுறை கைக்கெட்டியது இருமுறையும் வாய்க்கெட்டாது போயிற்று. இத்தகைய ஏமாற்றத்தை அடைந்தோர் மனம் கசந்து போதல் உண்டு. இவர் மனமோ எழுத்தின்பால் திரும்பிற்று.

இல்லறமும் தொண்டும்

மீண்டும் சென்னைக்கு வந்தபோது, கேம்பிரிட்ஜிற் பயின்று திரும்பிய சாமுவேல் சத்தியநாதன், அக்குடும்பத்தின் புதல்வர், அவருக்கு அறிமுகமானார். கற்றோர் இருவரின் நட்பு காதலாகக் கனிந்து திருமணத்தில் நிறைவெய்தியது. மொழியும் மாகாணமும் வெவ்வேறாயிருந்தும் ஒருவரையொருவர் தாமே அறிந்து மணந்து கொண்டனர். இந்து இல்லங்களிலேயன்றிக் கிறிஸ்தவ இல்லங்களிலும் பெற்றோர் பேசி முடித்தலே பெருவழக்காயிருந்த காலம் அது.

சாமுவேல் உதகமண்டலத்துப் பிரீக்ஸ் ஞாபகார்த்தப் பள்ளியின் தலைமையாசிரியராக அமரவே, இருவரும் நீலகிரியில் வாழ்ந்தனர். அங்கே அம்மையார் முஸ்லிம் சிறுமியர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். மலைக்காற்றால் ஓரளவு நலம்பெற்ற அவர், இந்தியப் பெண்மணி ஒருத்தி என்ற புனைபெயரிற் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதத் தலைப்பட்டதும் அக்காலத்திலேயாம். பின்னர்க் கணவரின் உத்தியோக நிமித்தம் இராஜமகேந்திரபுரத்திலும் கும்பகோணத்திலும் வாழ்ந்து, 1886-இற் சென்னையில் நிலைகொண்டனர். பெற்ற குழந்தை ஓராண்டும் நிறையாமுன் இறந்தது. அத்துயரத்தோடு பழைய நோயும் தலையெடுத்தது.

சகுணா

சகுணா என்னும் அவரது முதல் நவீனம் 1887, 1888 ஆகிய ஆண்டுகளிற் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைப் பத்திரிகையிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. பின்னர் நூலுருப் பெற்றது. சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கைக் கதை என்பது அதன் துணைப் பெயர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல், பெயர்களை மாற்றி அமைத்த அவரது வாழ்க்கை வரலாறே எனலாம்.

இந்நூலிற் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, உண்மை கூறுதற்கு அவர் அஞ்சாமை. ஐரோப்பிய மாதரின் அன்பை நன்றியோடு பாராட்டும் அம்மையார், அவருட் சிலர் இந்நாட்டுக் கிறிஸ்தவரைத் தமக்குத் தாழ்ந்தோராக நடத்திய செருக்கையும் மறைத்திலர். ஒரே வேதத்தை ஓதுவோர் ஒரே மேசையில் அமரத் தயங்கிய காலத்தில், அத்தயக்கத்தைக் கிறிஸ்தவக் கலாசாலையொன்றின் பத்திரிகையிலேயே எழுதிக் காட்டியது சிறு செயலன்று. அதனை வெளியிட்ட பத்திரிகையாசிரியரும் பாராட்டுக்குரியரே.

இரண்டாவது, காதலை அவர் அமைத்த முறை. காதற்கதை வேண்டிப் புகுவோர்க்கு இந்நூலின் முற்பகுதி வறண்டதாகத் தோன்றலாம். தலைவன் கதையின் இறுதியிலேயே தோன்றுகின்றான். ஆயின் அதுவே இதன் சிறப்பாகும். தமிழ் அகத்திணை நூல்கள் தலைவனும் தலைவியும் எதிர்ப்படுதலிலிருந்தே களவொழுக்கத்தைத் தொடங்குவன. தலைவி அதற்கு முன் என்ன கற்றாள், எதை விரும்பினாள் என்று அவை ஆராய்வதில்லை. அவற்றின் நோக்கம் வேறு. அம்மையாரோ முதலில் ஒரு பெண்ணின் உள்ளத்தை வளர்த்துக் காட்டுகின்றார். தமையனிடம் கற்றது, தன் உழைப்பால் வாழ விரும்பியது, நோயால் தோற்றது, விசுவாசத்தில் தடுமாறி நிலைபெற்றது ஆகிய யாவற்றையும் நாம் அறிந்தபின்னரே அவள் ஒருவனைத் தேர்ந்து கொள்கின்றாள். தேர்வதற்குரிய மனம் இன்னதென்று அறிந்தமையால் அத்தேர்வும் நமக்குப் பொருளுடையதாகின்றது. கிறிஸ்தவக் காதற்கதை என்பது காதற்கதையின் நடுவே ஜெபத்தையும் வேதவசனத்தையும் பெய்து வைப்பதன்று. கடவுளுக்குமுன் தனித்து நிற்கக் கற்ற ஓர் ஆன்மா மற்றோர் ஆன்மாவைத் துணையாக ஏற்பதைச் சொல்லுவது என்பதை இந்நூலால் அறிகின்றோம்.

குறைகள் இல்லாமலில்லை. கதை நின்று உபதேசம் தொடரும் இடங்கள் உண்டு. இயற்கை வருணனைகளில் ஆங்கிலக் கவிஞரின் சாயல் மிகுதி. தாய்மொழியில் எழுதாது ஆங்கிலத்தில் எழுதியமையால், யாருடைய வாழ்வைச் சொன்னாரோ அவருட் பெரும்பாலார் அதனைப் படிக்க இயலாது போயிற்று. ஆயினும் மராத்தியில் பிறந்து, ஆங்கிலத்திற் கற்று, தமிழர் நடுவே வாழ்ந்த ஒருவர்க்கு ஆங்கிலமே கைவந்த கருவியாயிருந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

கமலா

நோய் முற்றிய நிலையில் அம்மையார் எழுதிய இரண்டாம் நவீனம் கமலா. இது இந்து இல்லமொன்றின் கதை. தாயற்று வளர்ந்த பிராமணச் சிறுமி கமலா இளமையில் மணம் முடிக்கப்பெற்று மாமியார் வீட்டில் அல்லற்படுகின்றாள். கணவன் கணேசன் தீயவனல்லன், உறுதியற்றவன். வேறொருத்தியின் வலையிற் சிக்கி மனைவியை நோகச் செய்கின்றான். கணவன் இறந்தபின், முன்னரே அவளை விரும்பியிருந்த இராமச்சந்திரன் மணந்துகொள்ள வேண்டுகின்றான். கமலா மறுத்து, தன் செல்வத்தைக் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் உதவி புரிவதில் ஈடுபடுத்துகின்றாள்.

விதவா விவாகத்தை அவள் ஏற்காதது ஏன் என்று வருந்துவோர் உண்டு. நூலாசிரியர் பழைய வழக்கத்திற்கு அஞ்சினார் என்று இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. சகுணாவுக்குத் தேர்வதற்குரிய கல்வியும் உரிமையும் இருந்தன. கமலாவுக்கு அவை அளிக்கப்படவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் முடித்தவாறே நடந்தவள் தானே முடித்த முதற்காரியம் அம்மறுப்பேயாகும். இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கே அம்மையாரின் கருத்து முழுதும் விளங்கும். மேலும் கிறிஸ்தவரான அவர், கதையின் முடிவிற் கமலாவைக் கிறிஸ்தவளாக்கினாரல்லர். அவளை அவளுடைய உலகிலேயே நிறுத்தி, அவ்வுலகில் அவளுக்குரிய பெருமையை அளித்தார். எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய மிஷனெரிக் கதையின் முடிவை அவர் வேண்டாமென்று விலக்கியது அவரது நேர்மைக்குச் சான்றாகும். ராஜம் ஐயரவர்களின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் 1893 முதல் வெளிவந்துகொண்டிருந்த காலமும் இதுவே. ஒரே நகரிற் பதிப்பான இரு நவீனங்கள், இரு மொழிகளில், பெயராலும் நெருங்கிய இரு பெண்களின் இல்லத் துயரத்தைச் சொல்லியது வியப்பிற்குரியது.

மறைவு

கமலா நூலாக வெளிவந்த 1894-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள், அம்மையார் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கட்டுரைகள் 1896-இற் தொகுத்து அச்சிடப்பெற்றன. சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த சாமுவேல் பின்னர்க் கமலா அம்மையாரை மணந்தார். இவ்விருவரும் சேர்ந்து 1898-இல் இந்தியக் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றிய கதைகளை வெளியிட்டமையும், கமலா அம்மையார் 1901-இற் பெண்களுக்கென ஆங்கிலப் பத்திரிகையொன்றைத் தொடங்கியமையும், கிருபாபாய் ஏற்றிய விளக்கு அவ்வில்லத்தில் அணையவில்லை என்பதைக் காட்டும். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இரு நாவல்களையும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அச்சகத்தார் 1998-இல் மீண்டும் பதிப்பித்தனர்.

பிணி தீர்க்க விரும்பியவர்க்கு அக்கலை கைகூடவில்லை. மனிதர் மனத்திலுள்ள பிணியை எடுத்துக் காட்டும் கலை கைகூடிற்று. நம் ஆலயங்களில் எழுதப்பெறும் விவாகப் பதிவேடுகளில் ஆண்டுதோறும் எத்தனையோ பெயர்கள் ஏறுகின்றன. அப்பெயர்களுக்குப் பின்னே உள்ள ஏக்கத்தையும் அச்சத்தையும் துணிவையும் அவை கூறுவதில்லை. அவற்றைக் கூறவேண்டியவர் எழுத்தாளரே. கதை எழுதப் புகும் நம் மாணவ மாணவியர், அயல்நாட்டுத் தலைவனையும் தலைவியையும் தேடி அலையாது, தம் வீட்டு முற்றத்தை நேர்மையோடு நோக்குவாராயின், கிருபாபாய் அம்மையார் தொடங்கி வைத்த பணி தமிழில் இனிதே தொடரும்.