சுருள் தேடிய பயணி

கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று, டப்ளின் நோக்கிய கப்பலில், காந்தியடிகள் குறித்து ஆவணப்படம் உருவாக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது வயது இருபத்தைந்தே! கேமரா கற்றவராயினும் அவருடைய பெரும்பணி படம்பிடித்தலன்று, தேடலே. முப்பதாண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்து, பல நாடுகளில் சிதறிக்கிடந்த சுருள்களுக்காக ஒரு லட்சம் மைல் அலைந்தார். திரட்டியது 50,000 அடி. படமானது 12,000 அடி. தமிழ் விளக்கவுரையுடன் 1940-இல் வெளியான அப்படம், ஆங்கில அரசுக்கு அஞ்சிய சூழலில் விரைவிலேயே அரங்குகளை விட்டு அகன்றது. 1947-இல் இந்தியிலும் 1953-இல் ஆங்கிலத்திலும் உருப்பெற்றது. பின்னர் அதுவும் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 'குமரி மலர்' ஆசிரியராய் விளங்கிய அவர் 1983-இல் மறைந்தார்; ஆங்கில வடிவத்தின் சுருக்கம் பல்லாண்டுகள் கழித்தே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது.