சுளுக்கு அல்ல, முறிவு!

விளையாட்டுத் திடலில் இடறி விழுபவர் எவரும் முதலில் கைகளைத்தான் நீட்டுகிறார். உடலின் எடை முழுவதும் அந்த நொடியில் உள்ளங்கை வழியே மணிக்கட்டின் மீது இறங்குகிறது. பனிச்சறுக்கு, சக்கரப்பலகை, கால்பந்து என எந்த விளையாட்டானாலும், இவ்வாறு விழும்போது முன்னங்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, முறிந்த முனை பின்புறமாகச் சரிவதுண்டு. மருத்துவ உலகம் இதனைக் 'கோலிஸ் முறிவு' என்று அழைக்கிறது.

அப்பெயருக்குரியவர் அயர்லாந்தின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ். 1773-இல் கில்கென்னி நகருக்கு அருகில் பிறந்தவர். ஆற்று வெள்ளம் ஒரு மருத்துவரின் வீட்டிலிருந்து அடித்து வந்த உடற்கூறு நூலொன்றைச் சிறுவன் கோலிஸ் கண்டெடுத்தான் என்றும், திருப்பிக் கொடுக்கச் சென்றவனிடமே அம்மருத்துவர் அதனைப் பரிசாக அளித்தார் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது.

டப்ளினில் பயின்று, 1797-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1802-இல், முப்பது வயது நிறையும் முன்பே, அயர்லாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவரானார். 1804 முதல் 1836 வரை அங்கே பேராசிரியராகப் பணியாற்றினார்.

அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது 1814-இல் எடின்பரோ மருத்துவ இதழில் வெளியான சிறு கட்டுரை. மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தால், அதைச் சுளுக்கு என்றோ மூட்டு விலகல் என்றோ முடிவு செய்வது அன்றைய வழக்கம். கோலிஸ் அதனை மறுத்தார். மூட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்றார்.

ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். இத்தகைய முறிவு கொண்ட கையை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பும் கோலிஸுக்குக் கிட்டவில்லை. கண்ணும் விரல்களுமே அவருடைய கருவிகள். நோயாளியின் கையைப் பற்றி மிதமாக இழுத்தால் கோணல் மறைகிறது. விட்டவுடன் மீண்டும் தோன்றுகிறது. விலகிய மூட்டு ஒருமுறை பொருந்திவிட்டால் இவ்வாறு உடனே நழுவாது. எனவே இது முறிவே என்று அவர் தெளிந்தார். எலும்பை நேராக்கித் தகரத் தப்பை வைத்துக் கட்டும் முறையையும் விளக்கினார்.

பிரான்சில் பூத்தோ என்னும் மருத்துவர் இம்முறிவை முன்னரே விவரித்திருந்தார். அதனால் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் பெயரையும் இணைத்தே வழங்குகின்றனர். எனினும் கோலிஸின் விளக்கத்தின் தெளிவு குறைந்துவிடவில்லை.

புகழை அவர் தேடிச் சென்றதில்லை. 1839-இல் தமக்கு வழங்கப்படவிருந்த பிரபுப் பட்டத்தை ஏற்க மறுத்தார். தம் இறுதி நோயின் தன்மையைப் பிறர் அறிந்து பயன்பெற வேண்டும் எனக் கருதி, இறந்தபின் தம் உடலைக் கூறாய்வு செய்யுமாறு கேட்டுக்கொண்டார். 1843-இல் அவர் மறைந்ததும் அவ்வாறே செய்யப்பட்டது.

கோலிஸ் சுட்டிக்காட்டிய பிழை இன்றும் மறையவில்லை. விழுந்தெழுந்த மாணவனின் வீங்கிய மணிக்கட்டைச் சுளுக்கென்று கருதி, நீவிவிட்டு மீண்டும் ஆட அனுப்புவோர் உளர். கட்டைவிரலின் அடிப்புறத்தில் வலித்தால் மணிக்கட்டின் படகெலும்பு முறிந்திருக்கக்கூடும். அம்முறிவு முதல்நாள் ஊடுகதிர்ப் படத்தில் தெரியாமலும் போகலாம். அதன் ஒரு பகுதிக்குக் குருதியோட்டம் குறைவாதலால், கவனியாது விட்டால் எலும்பு கூடாமலே நின்றுவிடும். பிடிப்பின் வலிமையும் காலப்போக்கில் குன்றும். ஆகவே, படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி நீடித்தால் கையை அசையாமல் கட்டிவைத்து, சில நாள்கள் கழித்து மீண்டும் ஆராய்வதே மருத்துவ நெறி.

கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துத் தேர்வதே சிகிச்சையின் முதற்படி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கோலிஸ் செய்ததும் அதுவே.