டீசல் என்னும் மனிதர்

நம்மை ஏற்றி வரும் பேருந்து, வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரம், மின்சாரம் நின்றால் இயங்கும் ஜெனரேட்டர் எனப் பலவற்றுக்கும் ஊற்றும் எண்ணெயை நாம் டீசல் என்கிறோம். ஆனால் டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயர் அன்று. அது ஒரு மனிதரின் பெயர். எரிபொருளை மனிதர் வீணாக்குவதைக் கண்டு மனம் பொறாத அந்தப் பொறியியலாளரின் வரலாறு நாம் அனைவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

ருடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தோல் பொருள்கள் செய்யும் கைவினைஞர். எளிய குடும்பம். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டபோது, பாரிசில் வாழ்ந்த மற்ற ஜெர்மானியரைப் போல் இவர்களும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. குடும்பம் லண்டனுக்குச் சென்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவனான ருடால்ஃப் படிப்புக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்குக் கணித ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்த அவர், பொறியியலாளர் ஆவதென்று பதினான்கு வயதிலேயே உறுதி கொண்டார். உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் டைபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. எனினும் மனம் தளராமல் 1880-இல் தேர்வு எழுதி மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் வெற்றி பெற்றார்.

அக்கல்லூரியில் அவருக்குப் பாடம் சொன்னவர் குளிர்பதன அறிஞர் கார்ல் வான் லிண்டே. நீராவி இயந்திரம் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று அவர் வகுப்பில் விளக்கினார். நூறு கூடை நிலக்கரி எரித்தால் தொண்ணூறு கூடை வீண்! சுரங்கத் தொழிலாளர் உயிரைப் பணயம் வைத்து வெட்டிய கரி, புகையாகவும் வெம்மையாகவும் கலைந்து போனது. இந்தச் செய்தி இளைஞர் டீசலின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. குறைந்த எரிபொருளில் நிறைந்த வேலை தரும் இயந்திரத்தைச் செய்வதே அவருடைய வாழ்வின் குறிக்கோளாயிற்று.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாவதை நாம் அறிவோம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். மிகப் பலமாக அழுத்தினால், உள்ளே தெளிக்கும் எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இந்த எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு 1893-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்குத் துணை நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் கருவியின் ஒரு பகுதி வெடித்துச் சிதறியது. அவர் பின்வாங்கவில்லை. திருத்தியும் மாற்றியும் நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் ஒருவர் அந்த இயந்திரத்தை முறைப்படி சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26 விழுக்காட்டுக்கும் மேல் வேலையாக மாறியது. அக்காலத்தில் வேறெந்த வெப்ப இயந்திரமும் எட்டாத உயரம் அது.

பெரிய ஆலைகளோடு போட்டியிட முடியாமல் நலிந்த சிறு கைவினைஞருக்குச் சிக்கனமான இயந்திரம் கிடைக்க வேண்டும் என்பதும் டீசலின் ஆசை. தந்தையின் தொழிலை அவர் மறக்கவில்லை போலும். தொழிலாளர் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழும் முறையைப் பற்றி 1903-இல் ஒரு நூலும் எழுதினார்.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையை எரிபொருளாக்க முடியுமா என்று அறிய விரும்பிய பிரெஞ்சு அரசின் வேண்டுகோளுக்காக அது அவ்வாறு ஓட்டப்பட்டது. இயந்திரத்தில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. தாவர எண்ணெய்கள் ஒருநாள் பெட்ரோலியத்துக்கு இணையாக உயரக்கூடும் என்று டீசல் 1912-இல் கருத்துத் தெரிவித்தார்.

அவருடைய இறுதி நாட்கள் துயரமானவை. வழக்குகளும் நோயும் கடனும் அவரை வாட்டின. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்லும் கப்பலில் ஏறினார். மறுநாள் காலையில் அவர் அறையில் இல்லை. சில நாட்களுக்குப் பின் கடலில் கண்டெடுத்த உடலிலிருந்த பொருள்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். என்ன நடந்தது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

அவர் மறைந்த பின் இயந்திரம் உலகை வென்றது. ஆனால் மலிவாகக் கிடைத்த பெட்ரோலிய எண்ணெயே அதன் உணவாயிற்று. அந்த எண்ணெய்க்கே அவர் பெயரும் சூட்டப்பட்டது. சிக்கனத்துக்காகப் பிறந்த இயந்திரம் கோடிக்கணக்கில் பெருகியதால் எண்ணெய்ச் செலவும் பெருகியது. அதன் புகை புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது.

அப்படியானால் தாவர எண்ணெய்க்குத் திரும்பினால் போதுமா? அதிலும் ஒரு பாடம் உண்டு. செம்பனை எண்ணெயின் தேவை பெருகியதால் இந்தோனேசியாவில் பரந்த காடுகள் அழிந்தன. நம் நாட்டில் காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுக்க 2003 முதல் முயன்றும், எதிர்பார்த்த விளைச்சல் கிட்டவில்லை. உணவு விளையும் நிலத்தில் எரிபொருளை விளைவித்தால் ஏழையின் தட்டில்தான் குறையும். ஆனால் பலகாரம் பொரித்து மீந்த எண்ணெயிலிருந்து டீசல் செய்தால் காடும் அழியாது, வயலும் குறையாது.

ஆகவே புதிய எரிபொருளைத் தேடுவது நன்று. இருப்பதை வீணாக்காமல் காப்பது அதனினும் நன்று. டீசலை உந்தித் தள்ளியதும் இந்த எண்ணமே. படைப்பு நம் பொதுவான இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் உலகுக்கு நினைவூட்டினார். அந்த இல்லத்தில் ஆளில்லா அறையின் விளக்கை அணைக்கும் சிறுமியும், நாளை இன்னும் சிறந்த இயந்திரத்தைப் படைக்கப்போகும் பொறியியலாளரும் ஒரே பணியைத்தான் செய்கின்றனர். அந்தப் பொறியியலாளர் நம் வகுப்பறையிலிருந்தே எழட்டும்!