ஹெர்ட்ஸ் என்னும் மனிதர்

2022-இல் மத்திய அரசு நடத்திய அலைக்கற்றை ஏலத்தில் ஏறத்தாழ ரூ.1.5 லட்சம் கோடிக்கு விலைபோனவை கண்ணுக்குப் புலப்படாத மெகா ஹெர்ட்ஸ்களும் கிகா ஹெர்ட்ஸ்களும். ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் குறிக்கும் இந்த அலகு, 36 வயதில் மறைந்த ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தை வழக்குரைஞர். சிறுவயதிலேயே கடைசல் பொறியில் கைத்திறன் பெற்ற ஹெர்ட்ஸ், அரபு மொழியும் கற்றார். பொறியியல் படிக்கச் சென்றவர், தந்தையின் இசைவோடு இயற்பியலுக்கு மாறினார். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் மாணவராகி, 1880-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று ஸ்காட்லாந்து அறிஞர் மேக்ஸ்வெல் 1865-இல் கணிதத்தால் காட்டியிருந்தார். ஆனால், அத்தகைய அலையை மின்கருவியால் எவரும் உண்டாக்கிக் காட்டியிருக்கவில்லை. அது தொடர்பான ஆய்வை மேற்கொள்ளுமாறு 1879-இலேயே ஆசிரியர் தூண்டியும், அன்றிருந்த கருவிகளால் இயலாது எனக் கருதி ஹெர்ட்ஸ் ஒதுங்கிக்கொண்டார்.

கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1886-இல் வழி பிறந்தது. இரு உலோகக் கோளங்களுக்கு இடையே மின்பொறியை எழுப்பினார். தொடர்பேதும் இல்லாமல் சற்றுத் தொலைவில் வைத்த கம்பி வளையத்தின் மெல்லிய இடைவெளியிலும் ஒரு நுண்பொறி தோன்றியது. இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டுதான் அதைப் பார்க்க முடிந்தது. சுவரில் துத்தநாகத் தகட்டைப் பொருத்தி அலையைத் திருப்பி, அதன் நீளத்தை அளந்தார். கீல் வார்த்த 1.5 மீட்டர் உயர முப்பட்டகத்தைக் கொண்டு அலையை வளைத்தார். ஒளி செய்வதையெல்லாம் அந்த அலையும் செய்தது. உலகின் முதல் கம்பியில்லா அனுப்பியும் வாங்கியும் அவைதாம். (இடையில், புற ஊதா ஒளி பட்டால் பொறி வலுப்பெறுவதையும் 1887-இல் குறித்துவைத்தார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதற்கு விளக்கம் தந்தார்.)

இந்த அலையால் தொலைபேசிப் பேச்சை அனுப்பலாமா என்று 1889-இல் பொறியாளர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டார். அதற்கு ஒரு கண்டம் அளவு ஆடி வேண்டியிருக்கும் என்று ஹெர்ட்ஸ் பதில் எழுதினார். தன் கண்டுபிடிப்பின் அருமையை அவரே அறியவில்லை என்று இதைக் காட்டிச் சிலர் நகைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் போட்ட கணக்கு சரியானது. குரல் நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை அதிர்வது. 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வை அப்படியே மின்காந்த அலையாக்கினால் அதன் நீளம் 300 கிலோமீட்டர். அன்று இல்லாதது ஊர்தி அலை என்னும் கருத்து. வேகமாக அதிரும் அலை மீது குரலை ஏற்றி அனுப்புவதைத்தான் இன்று பண்பேற்றம் என்கிறோம். 100 மெகா ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பண்பலை வானொலியின் அலைநீளம் 3 மீட்டர்தான். கையளவுக் கம்பியே அதை வாங்கிவிடுகிறது.

ஹெர்ட்ஸ் தேடியது மேக்ஸ்வெல்லின் கூற்று மெய்யா என்பதற்கான விடையை மட்டுமே. ஆய்வுக்கு நிதி கேட்டு வருவோரிடம் பயன் என்ன என்பதையே முதல் கேள்வியாக வைக்கும் நம் குழுக்கள், 1886-இல் கார்ல்ஸ்ரூவில் அமர்ந்திருந்தால் அந்த விண்ணப்பம் குப்பைக்கே போயிருக்கும். பயனைப் பிறர் கண்டனர். 1895-இல் கொல்கத்தாவில் ஜெகதீஸ் சந்திர போஸ் கம்பியில்லாமல் மணியை ஒலிக்கச் செய்தார். 1901-இல் மார்கோனியின் குறிகை அட்லாண்டிக்கைக் கடந்தது.

அவற்றைக் காண ஹெர்ட்ஸ் இல்லை. 1892-இல் நோயுற்ற அவர், அறுவை சிகிச்சைகள் பலனளிக்காமல் 1894 ஜனவரி 1 அன்று பான் நகரில் காலமானார்.

தந்தைவழி முன்னோர் யூதர் என்பதால், நாஜிகள் ஹாம்பர்க் நகர மன்றத்திலிருந்து அவரது உருவப்படத்தை அகற்றினர். மனைவியும் இரு மகள்களும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர். இளைய மகள் மதில்டே, பூச்சிகளின் பார்வைத்திறனை ஆராய்ந்த உயிரியலாளர். பெர்லினில் அவருக்கு இருந்த ஆய்வு வாழ்க்கை கேம்பிரிட்ஜில் மீண்டும் அமையவில்லை. 1960-இல் எடை, அளவைகளுக்கான சர்வதேச மாநாடு ஹெர்ட்ஸ் என்னும் அலகை உலகுக்குப் பொதுவாக்கியபோது, மதில்டே அந்நகரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.