தனிமைத் தீவின் தந்தை

உணவின்றிச் சில நாட்கள் வாழலாம். உறவின்றி வாழ்வது மனிதனுக்கு அரிது. இவ்வுண்மையை உணர்ந்து, உறவற்றோர்க்கு உறவானவர் புனித தமியான்.

பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840 ஜனவரி 3-ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப். அண்ணனைப் பின்பற்றித் துறவியானார். ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்பட இருந்த அண்ணன் காய்ச்சலில் விழவே, அவருக்குப் பதிலாகத் தாமே கப்பலேறினார். 1864-ல் ஹொனலூலு நகரில் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் தொழுநோய்க்கு மருந்தில்லை. 1865-ல் ஹவாய் அரசு இயற்றிய சட்டப்படி நோயாளிகள் மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் செங்குத்தான மலை. கணவன் மனைவியையும், தாய் தன் பிள்ளையையும் பிரிந்து அங்கே போயினர். நோயைவிடக் கொடியது, தங்களை எவரும் தேடி வரமாட்டார் என்ற ஏக்கமே.

1873 மே மாதம் தமியான் விரும்பி அங்கே சென்றார். தொடக்கத்தில் ஒரு தாழை மரத்தடியே அவர் உறங்குமிடம். பிறகு வீடுகள் கட்டினார். குழாய் மூலம் நீர் கொண்டு வந்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். இறந்தோர்க்குச் சவப்பெட்டி செய்து, குழி தோண்டி மரியாதையுடன் அடக்கம் செய்தார். அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். சேப்பங்கிழங்குக் கூழை நோயாளிகளுடன் ஒரே கலத்தில் கையிட்டு உண்டார். மறையுரையிலும் தம்மை அவர்களுள் ஒருவராகவே சேர்த்துப் பேசினார்.

ஆனால் அவருக்கும் தனிமை வந்தது. அவ்விடத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. தமியான் படகில் சென்று, கீழிருந்தபடியே உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார்! பல ஆண்டுகள் உடன் உழைக்க ஒரு குருவை அனுப்புமாறு மன்றாடினார். பிறர் தனிமையைத் தீர்த்தவரும் துணைக்கு ஏங்கினார் என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது.

நோய் அவரையும் பற்றியது. 1886-ல் ஜோசப் டட்டன் என்னும் பொதுநிலையாளர் உதவிக்கு வந்தார். 1888-ல் அன்னை மரியான் கோப் சகோதரிகளுடன் வந்து சேர்ந்தார். இனித் தம் மக்கள் தனித்து விடப்படார் என்ற ஆறுதலுடன் தமியான் 1889 ஏப்ரல் 15-ல் தமது 49-ஆம் வயதில் உயிர் நீத்தார். 2009-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துகள் முற்றிலும் குணமாக்குகின்றன. தனிமை நோய்க்கோ மனிதரே மருந்து. அதற்கு மொலோக்காய் செல்ல வேண்டியதில்லை. மதிய உணவு வேளையில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு மாணவி நம் வகுப்பிலும் இருக்கலாம். திண்ணையில் பேச்சுத் துணைக்குக் காத்திருக்கும் பாட்டி நம் வீட்டிலும் இருக்கலாம். தோழியரே, அவர்கள் அருகில் சென்று அமர்வோமா?