தமிழ்த் தாத்தாவின் முதுமைத் தொண்டு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவுடன், இனித் தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று சோர்ந்துவிடும் பெரியோர் நம் சமூகத்திலும் பலர் உளர். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டனர், பென்ஷன் மாதந்தோறும் வருகிறது, ஆயினும் பகற்பொழுது நீண்டுகொண்டே போகிறது. அத்தகையோர் அறிய வேண்டிய வரலாறு மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களுடையது. சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தவர் என்ற அளவில் அவரை நாம் அனைவரும் அறிவோம். 64 வயதுக்குப் பின்னர் அவர் ஆற்றிய பணிகளையே இங்குச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகிறோம்.

ஐயரவர்கள் 1855 பிப்ரவரி 19 அன்று தஞ்சைச் சீமையில் உத்தமதானபுரம் என்னும் சிற்றூரில் தோன்றினார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் சமய வேறுபாடு பாராது பாடஞ் சொன்னவர். நாகூர் தந்த இசுலாமியப் புலவர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவரே. ஆசிரியரின் இப்பரந்த உள்ளம் மாணவரிடத்தும் படிந்தது.

1876இல் ஆசிரியர் மறைந்தார். 1880இல் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதிகளும் புராணங்களும் பல கற்றிருந்த இளம்புலவர், முதலியார் வினவிய சிந்தாமணியை அறியாதிருந்தார். ஏட்டைக் கையில் எடுத்தபோது சைன சமயக் கருத்துகள் விளங்கவில்லை. ஆகவே கும்பகோணத்தில் வாழ்ந்த சைனரை நாடிச் சென்றார்.

அவர் சென்ற வீட்டு வாயிலில் கோலமும் தோரணமும் பொலிந்தன. திருமணம் போலும் என்று கருதினார். பல மாதங்களாக அங்கு நடந்து வந்த சிந்தாமணி சிரவணம் அன்று நிறைவெய்துகிறது என்று அறிந்தபோது வியப்புற்றார். புலவர் உலகம் மறந்த காப்பியத்தை நம் முன்னோர் சமயநூலாகப் போற்றி வீட்டுக் கூடத்திற் படித்து வந்தனர். சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயங்களைத் தீர்த்தனர். சைவச் சூழலில் வளர்ந்த கல்லூரி ஆசிரியர், நம்மவர் இல்லத்தில் மாணவராய் அமர்ந்து கேட்டார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சாகி வெளிவந்தது. சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியன 1898க்குள் அடுத்தடுத்து வந்தன.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் பணி ஓய்வு பெற்றார். அதுவரை செய்தவை ஒருவரது வாழ்நாளுக்குப் போதும். புகழும் பட்டமும் வந்தெய்தியிருந்தன. ஆனால் அவரிடம் முடிவுறாத ஏடுகள் இருந்தன. கல்லூரி நேரம் போக எஞ்சிய பொழுதில் அதுகாறும் செய்ததை இனி நாள் முழுவதும் செய்யலாயினார்.

அவற்றுள் ஒன்று கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை. சைனர் ஆக்கிய அப்பெருநூல் முதலும் முடிவும் சிதைந்தே கிடைத்தது. முழு ஏடு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கிடைத்த பகுதியும் செல்லுக்கு இரையாகியிருக்கும். தலையும் வாலும் இல்லாத நூலென்று தயங்காது, 1924இல், தமது 69ஆம் வயதில், அதனை அச்சேற்றினார். அவ்வாண்டு முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகவும் தொண்டாற்றினார். 1935இல் உதயணகுமார காவியத்தையும் வெளியிட்டார்.

தம் ஆசிரியரின் சரித்திரத்தை எழுதவேண்டும் என்னும் வேட்கை நெடுநாள் அவர் நெஞ்சில் இருந்தது. செய்திகளைத் திரட்டி, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அதனை நிறைவேற்றினார். ஆசிரியர் மறைந்து அப்பொழுது 57 ஆண்டுகள் கடந்திருந்தன. மாணவருக்கு வயது 78. குறுந்தொகைக்குப் பழைய உரை கிடைக்காமையால், தாமே உரை வகுத்து 1937இல் பதிப்பித்தார். அப்பொழுது வயது 82. கி.வா. ஜகந்நாதன் போன்ற இளைஞர் உடனிருந்து உதவினர். கற்றதை அவர்களிடம் கையளிப்பதும் அம்முதுமைப் பணியின் ஒரு பகுதியாயிற்று.

1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர் சென்ற 1942இல் அவரும் திருக்கழுக்குன்றம் சேர்ந்தார். ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். என் சரித்திரம் முற்றுப்பெறவில்லை. பெருங்கதையைப் போலவே அதுவும் முடிவின்றி நின்றது. ஆயினும் தமிழர் அதனை இன்றும் படித்து மகிழ்கின்றனர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? முதுமைக்கென்று அவர் புதிய தொழில் எதனையும் தேடவில்லை. இளமையில் பட்ட கடனையே முதுமையில் தீர்த்தார். நூலுக்குப் பட்ட கடன், ஆசிரியருக்குப் பட்ட கடன், அடுத்த தலைமுறைக்குச் செலுத்த வேண்டிய கடன் என அது மூவகையாயிற்று. முடிக்க நாளிருக்குமோ என்று அவர் கணக்கிடவுமில்லை.

நம் இல்லங்களிலும் இத்தகைய கடன்கள் உண்டு. பரண்மேல் கிடக்கும் ஏடுகள், பாட்டிமார் மட்டுமே அறிந்த தோத்திரங்கள், ஊர் ஜினாலயத்தின் வரலாறு ஆகியவற்றை எழுதி வைக்க ஓய்வு பெற்றோரைவிடத் தக்கார் யாவர்? நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்றென்று கற்றுள்ளோம். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப்புத்தகமும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும் போதும். பாதியில் நின்றாலும் கவலையில்லை. எழுதிய பாதி எஞ்சும். நம் பெரியோர் இன்றே தொடங்குவார்களாக.