அரசமைப்பை எழுதும் உரிமை யாருக்கு?

அரசமைப்பை எழுத வேண்டியவர்கள் அரசுகள் அனுப்பும் தூதர்களா, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் இத்தாலியின் அல்தியேரோ ஸ்பினெல்லி.

1907-இல் ரோமில் பிறந்த அவர், முசோலினியின் சர்வாதிகாரத்தை எதிர்த்ததற்காக 1927-இல் கைதானார். சிறையிலும் தீவுக் காவலிலுமாக 16 ஆண்டுகள் கழிந்தன. ஸ்டாலினின் போக்கை ஏற்க மறுத்ததால், அவர் சார்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சியும் 1937-இல் அவரை விலக்கியது. ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த 1941-இல், வென்டோடெனே தீவில் எர்னெஸ்டோ ரோஸ்ஸியுடன் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். தேசங்களின் கட்டற்ற இறையாண்மையே போர்களின் ஊற்றுக்கண். கூட்டாட்சி ஐரோப்பாவே அதற்கு மாற்று என்பது அதன் சாரம். அந்த அறிக்கை காவலைக் கடந்து ரகசியமாக வெளியே கொண்டு செல்லப்பட்டது.

போருக்குப் பின் ஐரோப்பா இணைந்தது. ஆனால், அந்த இணைப்பை அரசுகள் தமக்குள் பேசி முடித்த ஒப்பந்தங்களே வடிவமைத்தன. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களித்தது 1979-இல்தான். 71 வயதில் அதற்குத் தேர்வான ஸ்பினெல்லி, அந்த வாக்குகளிலேயே அரசமைப்பை எழுதும் தகுதி அடங்கியிருப்பதாகக் கருதினார். 1980-இல் ஸ்ட்ராஸ்பர்கின் 'முதலை' என்ற பெயருடைய உணவகத்தில் சில உறுப்பினர்களைக் கூட்டினார். கட்சி எல்லைகளைக் கடந்து அந்தக் குழு வளர்ந்தது.

1984 பிப்ரவரி 14 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான வரைவு ஒப்பந்தத்தை அவை 237 வாக்குகளால் ஏற்றது. 31 பேர் எதிர்த்தனர், 43 பேர் நடுநிலை வகித்தனர். சட்டமியற்றும் அதிகாரத்தை அரசுகளோடு நாடாளுமன்றமும் பகிர்ந்துகொள்ள அது வழிவகுத்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கைக் கொண்ட பெரும்பான்மை நாடுகள் ஏற்றாலே நடைமுறைக்கு வரலாம் என்றது; ஒரு நாட்டின் மறுப்பு எல்லோரையும் முடக்காது.

அரசுகள் அதை ஏற்கவில்லை. தம் பிரதிநிதிகளைக் கொண்டு 1986-இல் 'ஒற்றை ஐரோப்பியச் சட்டம்' என்ற சிறிய திருத்தத்தை உருவாக்கின. மலை தோண்டி எலி பிடித்த கதை என ஸ்பினெல்லி மனம் நொந்தார். அதே ஆண்டு மே மாதம் காலமானார்.

பின்னர் உருவான அரசமைப்பு ஒப்பந்தத்தை 2005-இல் பிரான்ஸ், நெதர்லாந்து மக்கள் நிராகரித்ததைச் சுட்டி, ஸ்பினெல்லியின் பாதையே தவறு என்பாருண்டு. நான் அதை ஏற்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கும் இறுதி வடிவம் கொடுத்தது அரசுகளின் மாநாடுதான். அவரது வரைவிலிருந்த ஒன்றியக் குடியுரிமை 1992-இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. நாடாளுமன்றத்தின் சட்டமியற்றும் பங்கும் படிப்படியாக வலுத்தது. ஆயினும், ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்தும் இறுதி அதிகாரம் இன்றும் உறுப்பு நாடுகளிடமே உள்ளது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை அரசமைப்பு விஷயத்தில் ஆலோசனை சொல்லும் இடத்திலேயே நிற்கும்வரை, ஸ்பினெல்லி தொடங்கிய பணி முடிந்ததாகாது.